லாரித் தண்ணீரை நம்பிய குடித்தனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். லிஃப்ட், பிள்ளைகள் விளையாட இடம், அவசரத்துக்குக் கதவைத் தட்ட அண்டை வீடு என எல்லாம் இருந்தும், எங்களுக்குப் பொழுது விடிவது தண்ணீர் லாரியின் சத்தத்தில்தான். அதிகாலை நாலரை மணிக்கு லாரி வந்து நின்றதும், காவலாளி டார்ச் வெளிச்சத்தில் தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை இறக்கிவிட்டு, வண்டி எண்ணை நோட்டில் குறித்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் எங்கள் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதை அந்த நோட்டுதான் சொல்கிறது.

போர்வெல் நீரோ உப்பு; குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. 2019 கோடையில் லாரியும் கிடைக்காதபோது, மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பெரியவருக்கு வீட்டுக்கு ஒரு குடமாக முறைவைத்துக் கொடுத்தோம். அடுக்குமாடியில் யாருக்கும் யாரையும் தெரியாது என்பவர்கள் அந்த நாட்களைப் பார்த்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இதே தெருவில் முழங்கால் அளவு நீர் தேங்குகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டும், எங்கள் வளாகத்து உறிஞ்சுகுழிகள் மண் மூடித்தான் கிடந்தன. சென்ற ஆண்டு நாங்களே தூர்வாரினோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு வளாகத்திலும் இக்குழிகளை அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்யவும், லாரித் தண்ணீரின் தரத்தைப் பரிசோதிக்கவும், குடிநீர் இணைப்பு எப்போது கிடைக்கும் என்பதைத் தெரு வாரியாக அறிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புவாசி ஒருவர்,
நாவலூர்.