நனைந்த கோட் பற்றி: தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்தின் குளிருடை வாடகைக் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக நம் கடைக் கோட்டைக் குறை சொல்லி ஒரு குரல் செய்தி சாட்ஸ்வர்த் முழுக்க வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். மீதிப் பேரும் கேட்டுவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள். எனக்கே ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் மாமியார். போன ஞாயிறு கோயிலில் ஆடிக்கூழ் வாங்க வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து யாரோ “கோட்டு அண்ணா!” என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். சரி, இனிமேல் பேசாமல் இருந்தால் சரிப்படாது என்று இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். (இங்கிலீஷ் பிரதி கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதியது என் மகள். அதில் இவ்வளவு புலம்பல் இருக்காது.)

நம் கடையில் வாடகைக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஜூனில் அலாஸ்காக் கப்பலில் போனவர், கெச்சிக்கன் என்ற ஊரில் “நனைஞ்ச கோழி மாதிரி” நின்றாராம். பெயரை நான் சொல்லமாட்டேன், குரலைக் கேட்டவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. அந்த அக்கா ஒன்பது வருடமாக நம் வாடிக்கையாளர். அவர் நனைந்தது உண்மை, குளிரில் நடுங்கியதும் உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் “பழைய ஓட்டைக் கோட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்” என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. அந்தக் கோட் ஓட்டை இல்லை. பழையதும் இல்லை, அதற்கு இது இரண்டாவது பயணம்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். (எங்கும் கோட் என்றே எழுதுகிறேன், ஜாக்கெட் என்று எழுதினால் நம் பெண்கள் ரவிக்கை அளவு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.) வடக்கே போகிறவர்களுக்கு நாம் கொடுக்கிற செட்டில் மேலுக்கு இரண்டு உருப்படி உண்டு. ஒன்று இறகுக் கோட். வாத்தின் மெல்லிய தூவியை அடைத்துத் தைத்தது, தலையணை போல் உப்பலாக இருக்கும். இன்னொன்று மழைக்கோட். மெல்லியது, மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்க்கிற எவருக்கும் ப்ளாஸ்டிக் பை ஞாபகம்தான் வரும். ஆனால் மழையை நிறுத்துவது அந்த ப்ளாஸ்டிக் பைதான். இறகுக் கோட் சூட்டை எப்படிப் பிடித்துவைக்கிறது என்றால், தூவிக்கு நடுவில் காற்று அடைபட்டு நிற்கிறது, அந்தக் காற்றுதான் போர்வை. நனைந்துவிட்டால் தூவி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், காற்றுக்கு இடம் இருக்காது. அப்புறம் நீங்கள் போட்டிருப்பது ஈரத் தலையணை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை, உங்களுக்கும் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை மறக்க முடியுமா? டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடையின் பின்னறையில் முழங்கால் அளவு தண்ணீர், கோட்டுகள் எல்லாம் சேற்றில். அன்றைக்கு நீங்கள் பக்கியை (சின்ன லாரியை) கொண்டுவந்து, ஆளுக்கு நாலைந்தாக வீட்டுக்கு எடுத்துப்போய், குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் டேங்கர் தண்ணீரில் மிச்சம் பிடித்து அலசி, கொடியில் காயப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஒரு காசு வாங்கவில்லை. அந்தக் கடன் இந்தக் கடைக்கு இன்னும் இருக்கிறது, நான் இருக்கிறவரை இருக்கும். அப்போதுதான் பார்த்தோம்: ஃபிளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணி) அரை நாளில் காய்ந்துவிட்டது, கம்பளி மறுநாள் காய்ந்தது, இறகுக் கோட் மட்டும் நான்கு நாளாகியும் உள்ளே கட்டி கட்டியாக ஈரம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு செட்டிலும் மழைக்கோட்டைத் தனி வாடகை இல்லாமல் சேர்த்தே கொடுக்கிறோம்.

அந்த அக்காவின் பையிலும் அது இருந்தது. திரும்பி வந்தபோது, நாங்கள் மடித்து ரப்பர் பேண்ட் போட்டது போட்டபடி இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துத் தப்பு. பதினான்கு வருடம் கடையில் இருந்த அக்கா, ஒவ்வொருவருக்கும் கோட்டைப் போட்டுக் காட்டி, கையைத் தூக்கச் சொல்லி, “இது உள்ளே, இது வெளியே, மறந்தால் என்னைத் திட்டாதீங்க” என்று பாடம் நடத்துவாரே, அவர் ஜனவரியில் மகளோடு கேப் டவுனுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் என் மகன் நிற்கிறான். நல்ல பையன், ஆனால் பேசமாட்டான். பையைக் கொடுத்து, அச்சடித்த தாளையும் கொடுத்திருக்கிறான். தாளில் மழைக்கோட் பதினோராவது வரி. அதுவும் போகட்டும். “மழைக்குத் தாங்குமா?” என்று கெச்சிக்கன் போன அக்கா கேட்டதற்கு, இறகுக் கோட்டின் லேபிளைப் பார்த்து “தாங்கும்” என்று சொல்லியிருக்கிறான். லேபிளில் இருப்பது “வாட்டர் ரெசிஸ்டன்ட்”. அது தூறலுக்கு, காரிலிருந்து இறங்கி வாசல்வரை ஓடுவதற்கு. “வாட்டர் ப்ரூஃப்” என்றால் வேறு. தையலின் உள்பக்கம் டேப் ஒட்டி ஊசித்துளையையும் அடைத்திருப்பார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு முழு நாள் மழை இருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை, நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சாக்கு இல்லை.

கெச்சிக்கன் மழையை நம் ஊர் மழையாக நினைக்கவேண்டாம். டர்பனுக்கு வருடத்தில் 1,000 மில்லிமீட்டர் பக்கம் பெய்கிறது, அங்கே 3,500-க்கும் மேல். அந்த ஊர்க்காரர்களுக்கு மழையிலேயே ஒரு பெருமை. “நீராய் இறங்கும் வெயில்” என்று அதற்குப் பேர் வைத்து, எவ்வளவு பெய்தது என்று காட்ட கப்பல்துறையிலேயே ஆளுயரத்துக்கும் மேலே ஒரு அளவுகோல் நிறுத்தியிருக்கிறார்கள். நம் அக்கா அதன் முன்னால் நின்று எடுத்த படம்தான் குரல் செய்தியோடு சுற்றுகிறது. அடுத்த மாதம் போகிறவர்கள் கவனியுங்கள், ஜூனைவிட ஆகஸ்டில் அங்கே மழை கூடுதல். குடையை நம்பாதீர்கள், கடற்காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும்.

இன்னொரு பேச்சும் கேட்டேன்: “கோடைக்காலத்துக்கு இவ்வளவு துணி எதுக்கு, வாடகை ஏறணும்னு பயமுறுத்துறான்.” கணக்குப் பார்த்தால் நியாயமான சந்தேகம்தான். நம் டர்பனில் இந்த ஜூலையில் பகல் 23 டிகிரி, இரவு 11. அதே ஜூலையில் அலாஸ்காவின் ஜூனோவில் பகல் 18, இரவு 10. நம் குளிர்காலத்துக்கும் அவர்கள் கோடைக்கும் தெர்மாமீட்டரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ஜெர்சி (ஸ்வெட்டர்) போதும் என்றுதான் தோன்றும். ஆனால் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் 37 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கும். கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவில் கப்பல் கரையில் நிற்பதில்லை. உள்ளே போய், மார்ஜரி பனியாற்றின் முன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பனிப்பாளம் எப்போது உடைந்து விழும் என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பனிமேலிருந்து கனத்த குளிர்காற்று கீழே சரிந்து வரும். அங்கே ஜெர்சிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவார்கள். இத்தனை பணம் கட்டிப் போனது அந்தக் காட்சிக்காகத்தானே.

அதனால்தான் ஒரே கனமான துணிக்குப் பதிலாக அடுக்கடுக்காகப் போடச் சொல்கிறோம். உடம்போடு ஒட்டித் தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளாடை), அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி, கடைசியில் மழைக்கோட். இறகுக் கோட் வேண்டும் என்றால் மழைக்கோட்டுக்கு உள்ளே, அல்லது மழை இல்லாத பனியாற்று நாளுக்கு. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், கப்பலுக்குள் சூடாகத்தான் இருக்கும். பருத்தியை மட்டும் உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது அமிர்தம், அங்கே நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான், அதை மறந்துவிடுகிறீர்கள். புடவை கட்டுகிற அம்மாக்கள் கவலைப்பட வேண்டாம். பாவாடைக்குள் தெர்மல் கால்சட்டை, ரவிக்கைக்குப் பதிலாக முழுக்கைத் தெர்மல், மேலே கோட் என்று போய்வந்தவர்கள் நம் கடையிலேயே இருக்கிறார்கள், படம் சுவரில் மாட்டியிருக்கிறது. காலுக்குத் துணி டக்கீஸ் (கேன்வாஸ் ஷூ) மட்டும் வேண்டாம். காது மூடும் குல்லாவும் கையுறையும் கோட் பையிலேயே இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம்.

நார்வே போகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பெர்கன் நகரத்து மழையைக் கேட்டால் கெச்சிக்கன்காரர்கூட மரியாதை கொடுப்பார். நார்த் கேப் வரை போகிறவர்கள் தூங்கும்போது கண்ணை மறைக்கிற பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மே நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஜூனோவிலும் ஜூனில் இரவு பத்து மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது.

அதிகமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அலாஸ்காவின் ஸ்காக்வே ஊர்க் கதை சொல்வேன். 1898 வாக்கில் அந்த வழியாகத் தங்கம் தேடிப்போனவர்களை, ஒரு வருடத்துக்கான சாமான் இல்லாமல் கனடா எல்லைப் போலீஸ் உள்ளே விடவில்லை. தலைக்கு ஒரு டன் அளவு, அதையும் மலைமேல் தாங்களே பலமுறை நடந்து சுமந்தார்கள். உங்களை யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. குக்கர் வேண்டாம், கப்பலில் ஏறும்போதே எடுத்துவைத்துவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டியும் அப்படியே. கற்பூரம், ஊதுபத்தியும் கூடாது, அறையில் நெருப்பு என்றால் கப்பல்காரர்களுக்குக் குலைநடுக்கம். சாமி படமும் விபூதியும் போதும், அவர் புரிந்துகொள்வார். பில்டாங் (உலர்த்திய இறைச்சி) அமெரிக்காவுக்குள்ளும் போகாது, ஐரோப்பாவுக்குள்ளும் போகாது. நம் ஊர் மூன்று குண்டு முள் ப்ளக் அங்கே எதிலும் நுழையாது, போன் சார்ஜருக்கு ஒரு சின்ன அடாப்டர் கொண்டுபோங்கள், போதும்.

இனிமேல் கடையில் கோட்டைப் போட்டுக் காட்டாமல் பையைக் கொடுப்பதில்லை. மகன் பேசாவிட்டாலும் நான் பேசுவேன். அதற்காக முன்னாலேயே போன் பண்ணி நேரம் சொல்லிவிட்டு வாருங்கள். தாளைத் தமிழிலும் அடித்திருக்கிறோம், மழைக்கோட் முதல் வரி. இறகுக் கோட்டை மற்றத் துணி மாதிரிச் சாதாரணமாக மிஷினில் போட்டுவிட முடியாது, அதைச் சலவைக்குக் கொடுக்கிற செலவு உங்களுக்கே தெரியும், தெர்மல் வாங்குகிற விலையும் ஏறிக்கொண்டே போகிறது, ஆகையால் ஆகஸ்ட் 1 முதல் முன்பணம் 600-க்குப் பதில் 1,100 ரேண்ட், ஈரமாகத் திரும்பும் கோட்டுக்கு அதில் சலவைக்கூலி கழியும். வாடகை ஏறவில்லை, அதை ஏற்ற எனக்கு மனமும் இல்லை. அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள், வெள்ளத்தில் கோட் அலசிக் கொடுத்தவர்கள், உங்களிடம் எந்த முகத்தோடு அதிகம் கேட்பது?

அந்த அக்காவுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வாடகையை முழுதாகத் திருப்பித் தருகிறேன், இதைப் போனில் சொல்ல நான்கு தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. கோட் நன்றாகக் காய்ந்துவிட்டது. அதன் உள்பையில் உங்கள் படிக்கிற கண்ணாடி இருந்தது. துடைத்து, உறையில் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் ஒரு மணிவரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கோட்டுக் கடைக்காரர்
சாட்ஸ்வர்த், டர்பன்