ஹிமாலயன் 411 வாங்கப் போகும் ஒட்டகச்சிவிங்கிக்கு

அன்புள்ள சேகர்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. காரணம் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, விடு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. மாலதியையும் குட்டியையும் விசாரித்ததாகச் சொல்.

பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கி, இமாச்சல் மலையில் இருக்கும் ஸ்பிதிக்குப் போகப் போகிறாயாமே? பாஸ்கர் போனில் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் நீ எழுதியிருக்கும் செலவுக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஃபாக் லைட், அலுமினியம் பெட்டி, சைலன்சர் என்று நீளமான பட்டியல். அதில் கிரீஸ் என்று ஒரு வார்த்தை இல்லை.

முதலில் எந்த வருஷத்து வண்டி என்பதைப் பார். 2016இல் வந்தது கார்புரேட்டர் மாடல். ஸ்பிதி வழியில் இருக்கும் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் அதிகமாகி, கார்புரேட்டர் திணறும். 2017இல் வந்த பி.எஸ். 4 (புகை விதி) வண்டியில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை அதுவே அளந்துகொள்ளும். 2020இல் வந்த பி.எஸ். 6 மாடலில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம், சரளைக் கல் இறக்கத்தில் அது பெரிய வசதி. காசு இருந்தால் அதையே பார். 2023இல் ஹிமாலயன் 450 வந்ததும் 411ஐ நிறுத்திவிட்டார்களே, பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். அதே கம்பெனியின் ஸ்கிராம் 411இலும் இதே இன்ஜின்தான். இன்ஜின் சாமானுக்குக் கவலைப்படாதே.

இன்ஜினைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. சிலிண்டர் விட்டம் (போர்) 78 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 86 மி.மீ., இரண்டே வால்வு, 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 90-இல் ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். நூறுக்கு மேல் விரட்டிக்கொண்டே போனால் ஃபுட்பெக்கில் அதிர்வு வரும், ஆயிலும் குறையும். ஆயில் 15டபிள்யூ50 கிரேடு. மானுவல் என்ன சொன்னாலும் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவதே என் கட்சி. லெவல் பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு ஆயில் இல்லை என்று ஊற்றாதே. வால்வைத் தள்ளும் இடத்து இடைவெளியில் வரும் டேப்பெட் சத்தம் கேட்டு எல்லோரும் பயப்படுவார்கள். மெல்லிய டக்டக் இருந்தால் பரவாயில்லை. சத்தமே வராதபடி இறுக்கி வைத்திருந்தால்தான் ஆபத்து: எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, சூடு வால்வு உட்காரும் சீட்டுக்கு இறங்க வழியில்லாமல் வால்வே கருகும். அட்ஜஸ்ட் செய்வது ஸ்க்ரூ-லாக்நட் வகைதான். குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் இருக்கும் கம்ப்ரெஷன் டி.டி.சி.யில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துச் செய்யச் சொல். காதை வைத்துச் செய்கிறேன் என்கிற மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், கோன்செட், அதாவது ஹேண்டில் கழுத்துப் பேரிங். இந்த வண்டியில் சீக்கிரம் தேய்கிற பாகம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். முன்சக்கரம் 21 இன்ச், ஃபோர்க் 200 மி.மீ. இறங்கி ஏறும். ரோட்டு அடி கடைசியில் போய்ச் சேருகிற இடம் ஹேண்டில் கழுத்து. அங்கே குண்டுகள் ஓடும் கப்-கோன். குண்டு கப்பைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், அடி முழுவதும் அதே புள்ளிகளில் விழுந்து சின்னச் சின்னப் பள்ளமாகிவிடும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைக் கழுத்துக்கு நேராகப் பிடித்தால் இருக்கிற கிரீஸும் போய்த் துரு ஏறும்.

வாங்கும் முன் இப்படிப் பார். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். இரண்டு விரலால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நடுவில் வரும்போது டக்கென்று குழியில் விழுகிற மாதிரி நின்றால் கப் போய்விட்டது, இறுக்கிப் பயனில்லை. பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. கழுத்தில் கை வைத்தவருக்கு ஆட்டம் தெரிந்தால் லூஸ்.

மாற்றுவதென்றால், குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்காகவே போடு. ரோலர் கப்பைக் கோடாகத் தொடுவதால் அடி பரவிவிடும். போடும்போது மூன்று இடத்தில் கெடுப்பார்கள். கப்பை ஒரே பக்கம் அடித்து இறக்கினால் சாய்ந்து உட்காரும், சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, ரோலர் இடுக்கில் பிதுங்கி வெளியே வரும்வரை அழுத்தி ஏற்ற வேண்டும். தண்ணீர் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் நல்லது. கடைசியாக, இறுக்கம். இறுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை திருப்பி, தளர்த்தி, மறுபடி அளவாக வைக்க வேண்டும். நடுவிலிருந்து லேசாகத் தொட்டதும் ஹேண்டில் தானே சாய்ந்தால் சரி. அதிகம் இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி பாம்பாக நெளியும். 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை பார்க்கச் சொல். பேரிங் உட்கார்ந்து கொஞ்சம் லூஸாகியிருக்கும்.

பின்னால் மோனோஷாக் லிங்கேஜ், அதாவது ஒற்றை ஷாக் அப்சார்பரைப் பின்சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மூட்டு. ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் உள்ள நீடில் பேரிங், சேறு தெறிக்கும் இடம், யாரும் கழற்றுவதே கிடையாது. கிரீச் சத்தம் வந்தாலோ, சஸ்பென்ஷன் திடீரென்று கல்லாக ஆனாலோ அதுதான். மழைக்காலம் முடிந்ததும் வருஷம் ஒருமுறை போல்ட்டை உருவித் துடைத்து கிரீஸ் வை. விட்டால் போல்ட் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டு, கட்டர் வைத்து அறுக்கும் நிலை வரும்.

சில்லறைக் குறைகள் ஏராளம், எதுவும் வழியில் நிறுத்தாது. டிஜிட்டல் காம்பஸ் நீ ராமேஸ்வரம் போகும்போது வடக்கு என்று காட்டும். காந்த டேங்க் பேக் வைத்தால் கேட்கவே வேண்டாம். சிக்னலில் நின்றால் இன்ஜின் சூட்டையும் சேர்த்து ஊர் வெப்பம் என்று சொல்லும். மீட்டர் கண்ணாடியில் மழைக்குப் பனி படரும், வெயிலில் போய்விடும். டேங்க் பக்கத்து ஜெர்ரி கேன் கம்பி உன் உயரத்துக்கு நிச்சயம் முட்டியில் இடிக்கும். உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. ஒட்டகச்சிவிங்கிக்கு வண்டி செய்பவர் இன்னும் பிறக்கவில்லை.

டயர் இரண்டும் டியூப் வகை. 21 இன்ச் டியூப் ஒன்று கையில் இருந்தால் போதும். அவசரத்துக்கு அதைப் பின்னால் 17 இன்ச் சக்கரத்திலும் மடிப்பு விழாமல் திணித்து ஊர் போய்ச் சேரலாம், வேகம் மட்டும் கூடாது. புறப்படும் முன் ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டு. மற்றவை கணீரென்றும் ஒன்று மட்டும் மொத்தென்றும் கேட்டால் அது லூஸ்.

ஞாயிறன்று வண்டி பார்க்கப் போகிறாய் என்றால், நீ வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடு. போனதும் இன்ஜினில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கில் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். பாஸ்கரையும் கூட்டிக்கொண்டு போ, பின்னால் அழுத்த அவன் எடை போதும். விலை பேசும்போது மட்டும் அவன் வாயைத் திறக்க விடாதே.

அன்புடன்,
ரவி