'பிரைட்பர்ன்' பிள்ளைகளோடு பார்க்கும் படம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வானத்திலிருந்து வந்த பையன் ஒருவன் சூப்பர்மேன் மாதிரி பலம் பெற்றுக் கொலைகாரனாகும் ஆங்கிலத் திகில் படம் 'பிரைட்பர்ன்'. தங்கள் சினிமா இணைப்பில் அதைப் பற்றி வந்த குறிப்பில் இரண்டு இடங்கள் உறுத்தின. விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த சூப்பர் ஹீரோ படம் என்பது ஒன்று. ஒரு பையனுக்கு முகமூடி மாட்டிவிட்டால் குறைந்த செலவில் தமிழிலும் எடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கடைசியில் வருகிறோம். செட்டிநாட்டு வீட்டை ஒருநாள் வாடகைக்குப் பேசிக் குறும்படம் பிடிக்க வருகிற இளைஞர்கள் இரண்டாவதை அப்படியே நம்பிவிடுவார்கள் என்பதால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

படம் 2019இல் வந்தது. இயக்கம் டேவிட் யாரொவெஸ்கி. எழுத்து பிரையன் கன், மார்க் கன். தயாரிப்பு ஜேம்ஸ் கன். (இதே ஜேம்ஸ் கன்தான் 2025இல் 'சூப்பர்மேன்' படத்தை எழுதி இயக்கினார்.) 'கெட்ட சூப்பர்மேன்' என்ற எண்ணத்துக்காக இவர்களைப் பாராட்ட வேண்டியதில்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1933இல் அந்தப் பெயரை முதன்முதலில் வைத்ததே ஒரு வில்லனுக்குத்தான். அவனை நல்லவனாக மாற்றி, 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் கொண்டுவந்தார்கள். ஆக, பழைய சரக்குதான்.

புதுசு எதுவென்றால், நாயகன் உருவாகும் கதையின் ஒரு படியைக்கூட இவர்கள் மாற்றவில்லை. வானத்திலிருந்து விழுந்த விண்கலம், அமெரிக்காவின் கான்சாஸில் பிள்ளையில்லாத தம்பதி, கொட்டகைக்கு அடியில் பூட்டி வைத்த ரகசியம், பன்னிரண்டு வயதில் தெரியவரும் பலம், வகுப்பில் கேலி, ஒரு பெண்பிள்ளை மேல் ஈர்ப்பு, அடையாளச் சின்னம், உடை, கடைசியில் அப்பாவோடு தனியே ஒரு பேச்சு. எல்லாம் அதே வரிசை. புல்வெட்டி காட்சியைப் பாருங்கள். இயந்திரம் கிளம்பவில்லை, பையன் கயிற்றைக் கொஞ்சம் வேகமாக இழுக்கிறான், அது வெகுதூரம் பறந்துபோய்க் கவிழ்ந்து, பிளேடு சுற்றியபடி கிடக்கிறது. கிட்டே போகிறான், பார்க்கிறான், கையை உள்ளே விடுகிறான். நாயகன் படமாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் எழும்பியிருக்கும். காட்சியில் ஒன்றும் மாறவில்லை. மாறியது நம் வயிறு மட்டும். அப்பாவின் அறிவுரையும் அப்படியே. வழக்கமாக அங்கே பொறுப்பைப் பற்றி இரண்டு வசனம் வரும். இங்கே அப்பா பையனை வேட்டைக்கென்று காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பின்னந்தலையில் சுடுகிறார். குண்டு பாயவில்லை.

திறவுகோல் சத்தமில்லாமல் வகுப்பறையிலேயே கொடுக்கப்படுகிறது. தேனீக்கும் குளவிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட ஆசிரியைக்கு, தன் குஞ்சுகளை வேறு குளவிகளைக் கொண்டே வளர்க்க வைக்கும் ஒரு குளவி இனத்தைப் பற்றிப் பையன் விளக்குகிறான். காக்கைக் கூட்டுக் குயில் முட்டைதான் விஷயம். நம்மூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கண்டெடுத்த பிள்ளை நமக்கும் புதிதல்ல. ஏர்முனையில் சீதை, துளசி வனத்தில் ஆண்டாள், ஆற்றில் மிதந்த பெட்டியில் கர்ணன். மண் தின்ற வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே அண்டத்தையே பார்த்துவிட்ட யசோதை அந்த ஒரு கணம் நடுங்கத்தான் செய்தாள். மாயையால் மறந்துவிட்டதால் அது பக்திக் கதையானது. 'பிரைட்பர்ன்' தாய்க்கு அந்த மறதி வாய்க்கவில்லை. அவள் மறக்கிற மாதிரி நடிக்கிறாள். தன் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான் என்று படம் முக்கால்வாசி முடியும்வரை வாதாடுகிறாள். பயம் அங்கேதான் இருக்கிறது. பறப்பதிலோ சிவப்புக் கண்ணிலோ இல்லை. செட்டிநாட்டில் எடுப்பவர்கள் இந்த நரம்பைப் பிடிக்கலாம். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பிள்ளை கூட்டுவதென்றால், அதாவது தத்தெடுப்பதென்றால், ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டில்தான் கூட்டுவார்கள். வந்த வழி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட வளவுக்குள் (தூண்கள் சூழ்ந்த நடுமுற்றமுள்ள வீட்டுக்குள்) வழி தெரியாத ஒரு பிள்ளை வந்து, ஆச்சி ஒருத்தி மட்டும் அவனை விட்டுக்கொடுக்காமல் நின்றால், முகமூடியே தேவைப்படாது.

மூலப்படத்தின் ஓட்டையைக் காப்பியடிக்க வேண்டாம். கலத்திலிருந்து ஒரு குரல் 'உலகைக் கைப்பற்று' என்று பையனுக்கு ஓதிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு வரியில் வளர்ப்பு, பிறப்பு என்ற கேள்வியே தீர்ந்துபோகிறது. தப்பு கலத்தின் மேல் விழுகிறது. குரலை எடுத்துவிட்டால் படம் இன்னும் கனத்திருக்கும். மலையாளத்தில் 'மின்னல் முரளி' (2021) வேறு வழியில் போனது. ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது; குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு ஊர் செய்த அவமானத்தால் திரும்புகிறான். அங்கே பரிதாபம் வருகிறது, பயம் குறைகிறது. இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் இரண்டும் கெடும்.

இனி படப்பிடிப்பு. 1947இல் வந்த 'நாம் இருவர்' காலத்திலேயே காரைக்குடி கேமராவைப் பார்த்தாயிற்று, ஆனாலும் வளவு புதியவர்களை ஏமாற்றும். பையன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வராமல் மறைவதற்கு கிராஃபிக்ஸ் வேண்டாம். தூண் பையனைவிட ஒல்லியாக இருக்கிறதே என்று பெரிய தூணாகத் தேடுவார்கள், அதுவும் வேண்டாம். கேமராவைத் தூணிலிருந்து இரண்டடிக்குள் வைத்துப் பையனோடு திருப்பினால் தூண் திரையையே மூடும். மூடுகிற அந்த நொடியில் நிறுத்தி, பையனை அனுப்பிவிட்டு, அதே வேகத்தில் மறுபடி திருப்பி எடுத்து, இரண்டையும் தூணின் கறுப்பில் ஒட்டிவிடலாம். போனில் எடுப்பதானால் அகல லென்ஸ் வேண்டாம், 2எக்ஸ் ஜூம் வையுங்கள். இந்த உத்தி கெடுவது வெளிச்சத்தால். வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது. கேமரா வெயிலிலிருந்து நிழலுக்குத் திரும்பும்போது எக்ஸ்போஷர் (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு) தானே ஏறி இறங்கும், ஒட்டு பல்லிளிக்கும். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் எடுங்கள். இரண்டு ஷாட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் நிழல் நகர்ந்துவிடும்.

டியூப்லைட் விட்டுவிட்டு எரிய வேண்டுமானால், இரண்டு முனையும் கறுத்துப்போன பழைய டியூபைச் சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பட்டியில் மாட்டுங்கள், எல்.இ.டி. டியூப் அந்த அழகில் சாகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி. 1/60இல் வைத்தால் படம் முழுக்கப் பட்டைபட்டையாக ஓடும். எடிட்டிங்கில் அதை முழுசாக எடுப்பது கடினம். சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் வசனத்தை எதிரொலிக்கும். நடிகர்களின் காலடியிலும் ஃபிரேமுக்கு வெளியே உள்ள கம்பிகளிலும் நாலைந்து கனத்த ஜமுக்காளம் போட்டால் பாதி அடங்கும்.

'பிரைட்பர்ன்' உணவகக் காட்சியில் விளக்கு உடைந்து கண்ணில் சில்லு ஏறுகிறது. அதைச் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிஜக் கண்ணாடியைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. சர்க்கரைப் பாகில் போலிக் கண்ணாடி காய்ச்சுவார்கள். மழைக்காலக் காற்றில் அது ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்து வளைந்துவிடும். ஓ.எச்.பி. தாளில் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒரு துண்டு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கன்னத்தில் ஒட்டிப் பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்தால் போதும். கண் இமைக்குக் கிட்டே போகவே வேண்டாம். ரத்தத்துக்கு ஒரு டம்ளர் சர்க்கரைப் பாகு, அரை டீஸ்பூன் சிவப்பு உணவு நிறம், கால் டீஸ்பூன் கோகோ. கோகோவை விட்டுவிட்டால் ரோஸ்மில்க் மாதிரிதான் தெரியும். இந்த வீடுகளின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். கெட்டியான பாலித்தீன் விரித்த பிறகே பாட்டிலைத் திறங்கள். முடிந்தவுடன் துடைக்காவிட்டால் விடிவதற்குள் வீடு முழுக்க எறும்பு.

முதல் விஷயத்துக்கு வருகிறோம். மேலே சொன்ன சில்லும், காரில் மாமாவின் தாடை போவதும் நேராகவே காட்டப்படுகின்றன. அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' தரம், அதாவது பதினேழு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர்களோடுதான் பார்க்கலாம். நம் தணிக்கையில் 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்ப்பது) 7+, 13+, 16+ என்று மூன்று படி வந்துவிட்டது. ஓடிடி தளங்களும் 2021 விதிகளின்படி 13+ முதல் பூட்டு வசதி தரவேண்டும். ஆனால் பூட்டைப் பெற்றோர்தான் போடவேண்டும். போஸ்டரில் சிவப்புத் துணி பறப்பதைப் பார்த்துப் பேரனுக்குப் போட்டுக்கொடுப்பவர்கள் பின் நம்பர் வைத்திருக்கமாட்டார்கள். 'பிள்ளைகளோடு பார்க்கலாம்' என்ற வரிக்கு அடுத்த இணைப்பிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி