அழகன்குளத்துக்கு ஒரு பலகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தால் ஞாயிறுதோறும் சைக்கிளை எடுத்துவிடுவேன். எனக்கு வயது 61. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க் கரையில் மெதுவாக மிதித்துப் போகும்போது வைகைத் தண்ணீரைப் பார்ப்பதே தனி நிம்மதி. எங்கள் சீமைக்கு அது வந்து சேர்வதே பெரிய காரியம் அல்லவா!

போன வாரம் அழகன்குளம் போனேன். வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊர். 1986-87இல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை பலமுறை அகழ்ந்த இடம். ரோமானியக் காசுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு எல்லாம் இங்கே கிடைத்தவைதான். ஆனால் தோண்டிய மேடு எது என்று டீக்கடையில் விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. திரும்பும் வழியில் சீமைக்கருவேல முள் குத்தி டயர் பஞ்சர். மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வந்தேன். வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேப்பமரம் இல்லை.

அந்த மேட்டில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். கண்மாய்க் கரை முள்ளை வெட்டி, வேம்பும் புங்கனும் நடுங்கள். தார் போட வேண்டாம். போட்டால் கார்கள் வந்துவிடும். சைக்கிளுக்கு மண்பாதையே போதும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்