மயக்க டாக்டர் மேடத்துக்கும் எலும்பு வார்டு சிஸ்டர்களுக்கும் நன்றி

வணக்கம்.

எலும்பு டாக்டருக்கு மாலை போடாத குறையாக நன்றி சொல்லிவிட்டோம். ஊரிலும் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஆபரேஷன் யார் செய்தது?" என்றுதான் கேட்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்தது யார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது. இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே வந்ததால், தொடை எலும்பை வெட்டித் திருப்பி, பிளேட் வைத்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டியிருந்தது. முன்பு வேறோர் இடத்தில் இதைவிடச் சின்ன ஆபரேஷன் நடந்தது. இரவெல்லாம் துடித்தவனைப் பார்த்து, "இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான் அழும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பயத்தோடுதான் இங்கே வந்து சேர்ந்தோம்.

மேடம், முந்தின நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் என்னிடம் முதலில் கேட்டது: "வலித்தால் இவன் என்ன செய்வான்?" அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சத்தம் போட்டால் பசி அல்லது கோபம். வலித்தால் சத்தமே வராது, பல்லைக் கடிப்பான், கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொள்வான் என்றேன். சிஸ்டரைக் கூப்பிட்டு அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதவைத்தீர்கள். வலியை அளக்க ஒரு கணக்கு உண்டாம்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்று ஐந்துக்கும் தலா 2 மார்க் வரை, மொத்தம் 10. பேசாத பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கோடு பெற்றோர் சொல்லும் அடையாளங்களையும் சேர்த்துக்கொள்வார்களாம்.

முதுகில் ஊசி என்றதும் அத்தை ஒரே பிடியாக வேண்டாம் என்றார். என் சிசேரியனுக்குப் பிறகு வந்த எல்லா முதுகுவலிக்கும் அந்த ஊசியைத்தான் வீட்டில் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறோம். நீங்கள் சிரிக்கவில்லை. குழந்தை அசைந்தால் ஆபத்து என்பதால் முழு மயக்கத்தில் தூங்கிய பிறகுதான் ஊசி போடுவோம், தண்டுவட உறைக்கு வெளியே நூல் போல ஒரு குழாய் இருக்கும், அதன் வழியே மரத்துப்போகும் மருந்து எடைக்குக் கணக்குப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகப் போகும் என்றீர்கள். தொற்றும் நரம்புப் பாதிப்பும் அபூர்வம், ஆனால் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், அதை முறிக்கக் கொழுப்புக் கரைசல் தியேட்டரில் தயாராக இருக்கும் என்று சொன்னபோதுதான் அத்தை கையெழுத்துப் போடச் சொன்னார். கெட்டதையும் சேர்த்துச் சொன்னவர்களைத்தான் அவர் நம்புவார்.

அப்புறம் இரவு சிஸ்டர்கள். மணிக்கொரு தரம் கால் விரல்களைத் தொட்டுப் பார்ப்பீர்கள்: நிறம், சூடு, வீக்கம். தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்புகிறீர்கள் என்று சலித்துக்கொண்டேன். மாவுக்கட்டுக்குள் வீங்கி இறுக்கினால் மரத்த காலில் அவனுக்குத் தெரியாமல் போகலாம், நாமதானே பார்க்கணும் என்றீர்கள். ஐஸ் துண்டைப் பஞ்சில் சுற்றி வயிற்றிலும் விலாவிலும் மெதுவாக ஒற்றி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறான் என்று பார்த்து, அதுவரைதான் மரத்திருக்கிறது என்று குறித்துக்கொள்வீர்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி தூக்கத்திலேயே பல்லைக் கடித்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே டூட்டி டாக்டருக்குப் போன் போட்டீர்கள். அது வெட்டின இடத்து வலி இல்லை, தசை இழுப்பு, அதற்கு மருந்து வேறு என்று அவர் வந்து கண்டுபிடித்தார். கொஞ்ச நேரத்தில் கை விரிந்தது. "இந்த மாதிரிப் பிள்ளைகள்" என்ற பேச்சே அங்கே எழவில்லை.

குழாயை எடுப்பதற்கு முன்பே பாராசிட்டமால் சிரப்பை 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். வலி வந்த பிறகு துரத்துவதைவிட முந்திக்கொள்வது சுலபமாம். குழாயை உருவியது அவனுக்குத் தெரியவே இல்லை. அதை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்ததற்குத்தான் ஊரைக் கூட்டினான்.

மாவுக்கட்டோடு இவனைப் புரட்டிப்போட ஒவ்வொரு தடவையும் முகம் கோணாமல் வந்த வார்டு அண்ணனுக்கும், காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு முழித்தபோது வழிகாட்டிய கவுன்ட்டர் தம்பிக்கும் என் நன்றி.

பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. மேடம், அன்றைக்கும் நீங்கள்தான் வர வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கிறேன். அத்தையும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
பல்லைக் கடிக்கும் பையனின் அம்மா