அந்த அக்காவுக்குத் தனி அட்டை கொடுங்கள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் முகாமிலேயே பிறந்தவள். சாயங்காலம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன செக்கிங் நாளில், அதாவது அதிகாரிகள் வந்து குடும்பம் குடும்பமாக ஆளை எண்ணும் நாளில், கண்ணால் கண்டது மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் லைனில், அதாவது வீட்டு வரிசையில், ஒரு அக்கா. புருஷன் அடித்துக் கையை உடைத்துவிட்டான். மாவுக்கட்டோடு, வேறு மாவட்ட முகாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் செக்கிங்குக்கு ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்களே! அந்தப் பயத்தில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தார், அதே வீட்டுக்கு. வரிசையில் அதிகாரி, "கையில என்னம்மா?" என்று கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள், "வழுக்கி விழுந்துட்டா சார்" என்றான் அவன். டிக் போட்டார்கள், அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். என்னிடம் படிக்கிற மகள், மாவுக்கட்டில் பிரிந்து தொங்கிய நூலை விரலில் சுற்றிச் சுற்றி, தலை நிமிராமல் நின்றாள்.

2021இல் மாதாமாதம் தரும் பணக்கொடையை உயர்த்தினீர்கள். குடும்பத் தலைவருக்கு 1500, மற்ற பெரியவர்களுக்கு 1000, பிள்ளைக்கு 500. நன்றியோடுதான் வாங்குகிறோம். அந்த வீட்டுக்கு வரும் 3500இல் 2000 ரூபாய் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. பணம் வாங்கும் குடும்ப அட்டை அவன் பெயரில் இருப்பதால் அதுவும் அவனிடம்தான் போகிறது, குடிக்கே கரைகிறது.

நாங்கள் கேட்பது இதுதான். அடிபட்ட பெண் புகார் சொன்னால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் உடனே தனி அட்டை கொடுங்கள். தனி அட்டை கேட்டுப் போனபோது, "விவாகரத்து வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் விவாகரத்தும் கேட்கவில்லை, குடியுரிமையும் கேட்கவில்லை. அடித்தவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. சரி, வெளியேற்றினாலும் அவன் போவது அடுத்த லைனுக்குத்தானே? அதனால் அந்தப் பெண் விரும்பினால் வேறு முகாமுக்கு மாற்றிக் கொடுங்கள். மாறும்வரை செக்கிங்கில் பெயரை வெட்டாதீர்கள்.

1983இலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். 'அகதி' என்ற சொல்லை எடுத்து 'மறுவாழ்வு' என்று பெயர் வைத்தபோது என் அம்மா அழுதுவிட்டார். நாற்பது வருடமாகத் தலையை எண்ணுகிறீர்கள். உடைந்த கை முன்னால் வந்து நின்றபோதும் தலையை மட்டும்தானே எண்ணினீர்கள்? வார்த்தை கடுமையாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

அக்காவின் மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த செக்கிங்குக்கு முன்னால் ஒரு பெண் அதிகாரியை அனுப்புங்கள். புருஷன் பக்கத்தில் இல்லாமல், அவரைத் தனியாக உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். தனி அட்டைக்கான மனுவை அவர் கையிலேயே கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
முகாமில் வசிக்கும் ஒரு டியூஷன் டீச்சர்