யார் சொன்னது, யாருக்குச் சொன்னது: எங்கள் வேதபாட வகுப்புக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாவுக்கும், ஐயரம்மாவுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் புதூரில் ஒன்றாக உட்கார்ந்து வேதம் வாசித்த எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த மாதம் போதகர் ஐயாவும் அவர் மனைவி ஐயரம்மாவும் மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார்கள். வழியனுப்பும் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற நன்றி இல்லை இது. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று ஐயா கேட்டுக்கொண்டார். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

வேதத்தை நேசிக்க எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியின் மனப்பாட வசனம், ராத்திரி குடும்ப ஜெபம், டிசம்பர் 31 ஆராதனையில் கையில் வாங்குகிற, ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை என்று அதோடுதான் வளர்ந்தோம். பணி ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஐயா அதன்மேல் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொடுத்தார். எந்த வசனத்தை எடுத்தாலும், "இதைச் சொன்னது யாரு? யாருக்குச் சொன்னது? அப்போ என்ன நடந்துக்கிட்டிருந்தது? முன்னாடி பின்னாடி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார். பதிலை அவர் சொல்ல மாட்டார். "வாசிங்க, அதுலயே இருக்கு" என்பார். உண்மையாகவே பெரும்பாலும் அதிலேயே இருந்தது.

முதலில் எடுத்தது யோபு, 42 அதிகாரம். எல்லாவற்றையும் இழந்த யோபுவும், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களும் பேசுகிற புத்தகம். ஐயரம்மா ஒரு டப்பா நிறைய கலர் பென்சில் வாங்கி வைத்திருந்தார். யோபு பேசினால் நீலம், எலிப்பாசுக்குப் பச்சை, பில்தாத்துக்கு ஆரஞ்சு, சோப்பாருக்கு ஊதா, பிற்பாடு வருகிற எலிகூவுக்குப் பழுப்பு, கர்த்தர் பேசுகிற 38 முதல் 41 வரையான அதிகாரங்களுக்குச் சிவப்பு. பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் விஷயம் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. இது ஒரு பெரிய வாக்குவாதம். இதில் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். அப்படியிருக்க, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது கடவுள் நேராக நமக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." காலண்டரிலும் கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் நாம் அடிக்கடி பார்க்கிற வசனம், யோபு 8:7. நாங்கள் கோடு போட்டு வந்தபோது அதன் ஓரத்தில் விழுந்தது ஆரஞ்சு. பேசுகிறவர் பில்தாத்.

"எட்டாம் அதிகாரத்தை முதல்லேயிருந்து சத்தமா வாசிங்க" என்றார் ஐயா. வாசித்தவர் மகனை விபத்தில் பறிகொடுத்த அக்கா. (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) நாலாம் வசனத்தில் நின்றுவிட்டார். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குக் கடவுள் அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டார் என்கிற தோரணையில் பில்தாத் பேசுகிற இடம் அது. நாம் சட்டம் போட்டு மாட்டுகிற வசனம் அதிலிருந்து மூன்றே வசனம் தள்ளி வருகிறது. அதுவும், நீ சுத்தமானவனாய் இருந்தால் என்ற நிபந்தனைக்குப் பின்னால்.

"எங்க வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்தவங்களும் இதைத்தான்யா சொன்னாங்க" என்றார் அக்கா.

ஐயா அவரையே 42ஆம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தைத் திருப்பச் சொன்னார். எலிப்பாசையும் அவனுடைய இரண்டு நண்பர்களையும் கர்த்தர் கடிந்துகொள்கிற இடம்: "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார். இத்தனை வருஷம் தன் மனசில் தைத்துக் கிடந்த பேச்சை, கடவுளே ஏற்கவில்லை என்று அவர் தன் வாயாலேயே வாசித்துக் கேட்டார். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாக வாசிப்பது எதற்கு என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த வசனம் போட்ட அட்டையைக் கிழித்துப் போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றார் ஐயா. யோபுவின் பின்னிலைமையை முன்னிலைமையைவிடக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்கிறது. ஆக, அந்த வாக்கியம் நடந்தது. ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி நடக்கவில்லை. "வசனத்தை வச்சுக்கோங்க, சொன்ன ஆளையும் கூடவே ஞாபகம் வச்சுக்கோங்க" என்று முடித்தார். அந்த மூன்று நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றையும் அக்காதான் எடுத்துக் காட்டினார். இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் அவர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அக்கா போகிறார், பக்கத்தில் உட்காருகிறார், பேசுவதில்லை. அக்கா, உங்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்த நன்றி, இந்த வகுப்பு சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அண்ணனுக்கு. "இப்படிக் கேள்வி மேல கேள்வி கேட்டா விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். நியாயமான பயம் அது. ஐயா அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தார். அப்போஸ்தலனாகிய பவுல் பிரசங்கித்ததையே அப்படியே விழுங்காமல், காரியங்கள் இப்படி இருக்கிறதா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அங்கே நற்குணசாலிகள் என்று எழுதியிருக்கிறது. அண்ணன் அன்றைக்கு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வகுப்பை விட்டும் போகவில்லை. அவர் இருந்ததால் நாங்கள் யாரும் அவசரப்பட்டு முடிவு சொல்லத் துணியவில்லை. "எந்த வசனத்தை வச்சுச் சொல்றீங்க?" என்று அவர் கேட்பார் என்று தெரியும்.

அப்புறம் பிலிப்பியர், பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம். வேதாகமத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில், புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்கள் வந்தது 1551-ல். பவுல் எழுதியபோது எண்ணே கிடையாது. அதனால் ஐயா நாலு அதிகாரத்தையும் எண் இல்லாமல் கடிதமாகவே டைப் பண்ணச் சொன்னார். காளவாசல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி அதைப் பெரிய எழுத்தில் பிரதி எடுத்து, பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். தம்பி, கண்ணாடி போட்டும் வேதாகமத்தின் எழுத்து தெரியாத பெரியவர்கள் அன்றைக்குத் தாங்களே வாசித்தார்கள். ரொம்ப நன்றி.

ஒரே மூச்சில் வாசித்தபோதுதான், கடைசிப் பகுதி அப்படியே ஒரு நன்றிக் கடிதம் என்று பளிச்சென்று பட்டது. பவுல் சிறையில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லும்போதுதான், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பசியாயிருக்கவும் பழகியிருக்கிறேன் என்கிறார். அதை ஒட்டியே வருகிறது, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சைக்கும் வேலை இன்டர்வியூவுக்கும் போகும்போது நாம் பிடித்துக்கொள்கிற வசனம். நம்ம ஆட்டோ அண்ணன் வண்டிக் கண்ணாடியிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னார்: "சவாரி கிடைக்கிற நாளும் ஒண்ணுதான், மாட்டுத்தாவணியில ராத்திரி வரைக்கும் நின்னுட்டு வெறுங்கையோட வர்ற நாளும் ஒண்ணுதான்னு சொல்றாரு. இது எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு." அந்த வசனத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ரூத் வாசிக்கையில் எங்களுக்குப் பாடம் நடத்தியது அப்பத்தா. மேலூர்ப் பக்கத்துக்காரர், பேத்தி வீட்டில் இருக்கிறார். எழுத்து தெரியாது, காதால் கேட்டதுதான். வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் ராத்திரியில் களத்தில் வாற்கோதுமை தூற்றுவான் என்று மூன்றாம் அதிகாரத்தில் வந்ததும், எதற்கு ராத்திரி என்று ஒரு பிள்ளை கேட்டது. நாங்கள் விளக்கவுரையைத் தேட, அப்பத்தா சொல்லிவிட்டார்: "பொழுது சாஞ்சாத்தேன் காத்து ஒரு சீரா வரும். சீராக் காத்து வந்தாத்தேன் பதரு தனியாப் போகும்." அவ்வளவு பெரிய மனுஷன் அம்பாரத்தடியில் ஏன் படுத்தான்? "நெல்லடிச்ச அன்னிக்கு எங்கய்யாவும் களத்துலதேன் படுப்பாரு. விட்டுட்டுப் போனா விடியறப்ப இருக்குமா?"

ஆனால் எல்லாரையும் நிறுத்தியது அதற்கு முந்தின அதிகாரம். கதிர் பொறுக்குகிற அந்நிய நாட்டு விதவை ரூத்தை அதட்ட வேண்டாம், அவளுக்காக அரிகளில் கொஞ்சம் சிந்தியே விடுங்கள் என்று போவாஸ் வேலைக்காரர்களிடம் சொல்கிறான். அப்பத்தா சின்ன வயதில் அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர், அதட்டு வாங்கியவர். "அவரு அதட்டாதேன்னு சொன்னாரு பாரு, அதுதேன் பெருசு. கதிரு அப்புறம்" என்றார். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விடு என்ற லேவியராகமம் 19-ன் சட்டத்தை நாங்கள் அப்புறம்தான் எடுத்துப் பார்த்தோம். சட்டம் கேட்டதற்கும் மேலேயே போவாஸ் கொடுத்தான் என்பது அப்பத்தா சொன்ன பிறகுதான் எங்களுக்கு எட்டியது.

அரசரடி இறையியல் கல்லூரியில் படிக்கிற தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். எரேமியா 29:11-க்காகக் காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் வரைந்து காட்டிய எருசலேம்–பாபிலோன் படம் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அந்தப் பாதையைக் கடக்க, பிற்பாடு ஊர் திரும்பிய எஸ்றாவின் கூட்டத்துக்கு நாலு மாதம் ஆனது என்று எஸ்றா 7:9-ஐக் காட்டினார். எருசலேமிலிருந்து அவ்வளவு தூரத்துக்குச் சிறைப்பட்டுப் போயிருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம்தான் அந்த அதிகாரம். முந்தின அதிகாரத்தில் பொய்த் தீர்க்கதரிசி அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். எரேமியாவோ எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்கு அப்படிப்பட்ட காத்திருப்புக்குள் வந்த வாக்கு. அதை வாங்கியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அந்த வசனத்தை நான் இப்போதும் நெஞ்சோடு பிடித்திருக்கிறேன், முன்னைவிட இறுக்கமாகவே.

பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் லூர்து அன்னை கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான உங்கள் திருவிவிலியத்தைச் சனிக்கிழமைதோறும் வேலி தாண்டிக் கொடுத்தீர்கள். கவிதையை வரி வரியாகவும், பகுதிக்குத் தலைப்போடும் அதில் பார்த்தது, எங்கே பேச்சு தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ரொம்ப உதவியது. பிறகு நீங்களே உள்ளே வந்து உட்கார்ந்தது எங்கள் பாக்கியம்.

ஐயரம்மா, சுண்டலுக்கும் சுக்குமல்லிக் காப்பிக்கும் மட்டுமா உங்களுக்கு நன்றி சொல்வது? ஐயா கொஞ்சம் நீளமாகப் பேச ஆரம்பித்தால், "அவங்க வாசிக்கட்டும்" என்று நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தைதான் இதை வகுப்பாக வைத்திருந்தது.

ஐயா, நீங்கள் கோயம்புத்தூர் போனாலும் வகுப்பு நிற்காது. இறையியல் கல்லூரித் தம்பியும், கேள்வி கேட்கும் அண்ணனும், நானும் மாற்றி மாற்றி நடத்துவதாகப் பேசியிருக்கிறோம். அடுத்து எடுப்பது ஆமோஸ், ஒன்பது அதிகாரம். வழக்கம்போல் சாயங்காலம் ஆறு மணி, இனி எங்கள் வீட்டு மாடியில். படி ஏற முடியாதவர்களுக்காக முதல் வாரம் மட்டும் கீழேயே பாய் விரித்திருப்போம். கலர் பென்சில் டப்பாவை அம்மா எங்களிடமே விட்டுப் போகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் வேதாகமம் மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் படித்தவர்களில் ஒருத்தி,
புதூர், மதுரை